கையில் கட்டுற கயிறு: பொதுக்குடியில் இருந்து நாங்குநேரி வரைக்கும்

முக்கூடலுக்குப் பக்கத்துல, பாப்பாக்குடி வட்டாரத்துல பள்ளக்கால் பொதுக்குடின்னு ஒரு ஊர் இருக்கு. நெல்லைக்காரங்களைத் தவிர வெளியூர்க்காரங்க யாருக்கும் பெருசா தெரிஞ்சிருக்காது.

2022 ஏப்ரல் கடைசியில் அந்த ஊர் பேரு ஒரு வாரம் எல்லா டிவியிலயும் வந்துச்சு.

அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஏப்ரல் 25-ஆம் தேதி பிளஸ் டூ மாணவன் ஒருவனுக்கும் பிளஸ் ஒன் மாணவர்கள் மூணு பேருக்கும் தகராறு. காரணம், கையில் கட்டியிருந்த கயிறு. அதோட நிறம். வாய்ப்பேச்சு அடிதடி ஆச்சு. அந்தப் பையனுக்குத் தலையில் பலத்த அடி. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தாங்க. ஏப்ரல் 30-ஆம் தேதி இறந்துட்டான்.

வயசு பதினேழு.

மே 5-ஆம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு. ஹால் டிக்கெட் வாங்க வேண்டிய கையில போஸ்ட்மார்ட்டம் நம்பர் கட்டுனாங்க. மத்த மூணு பேரும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனாங்க. ஒரே மதியத்துல நாலு வீடு காலி.

இதுல செத்தது எந்த சாதி, அடிச்சது எந்த சாதின்னு நான் எழுதப் போறதில்லை. கமென்ட்ல கேக்காதீங்க. செத்த பிள்ளை எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறம் வருத்தப்படலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற ஆட்கள் நம்மகிட்ட நிறைய இருக்காங்க.

இந்தக் கயிறு ஏதோ நேத்து வந்த விசயம்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமா இருக்கும். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு நூறு வருசம் பின்னாடி போவோம்.

முக்கூடலுக்கு எதிர்ப்பக்கம், தாமிரபரணிக்கு அந்தாண்ட சேரன்மகாதேவி. 1920-களில் அங்க வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி குடுக்கணும்னு நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்ச பள்ளி. காங்கிரஸ் நிதி குடுத்துச்சு. பல சாதிக்காரங்களும் நன்கொடை குடுத்தாங்க. ஆனா அங்க பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனிப் பந்தியில் நடந்தது வெளிய தெரிய வந்துச்சு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதிச்சுட்டாங்க. காந்தி வரைக்கும் பஞ்சாயத்து போச்சு. 1925-ல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினதுக்குப் பின்னால இருந்த காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. அதே வருசம் ஜூன்ல ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாத்தப் போய் இறந்தார். அந்தக் கதை தனி.

நான் சொல்ல வர்றது, தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்ட ஒரு சண்டை ஒரு பள்ளிக்கூடப் பந்தியில ஆரம்பிச்சிருக்கு. அதுவும் நம்ம ஆத்தங்கரையில.

அடுத்து 1995.

அந்த வருசம் ஜூலையில் வீரசிகாமணியில ஒரு பஸ்ஸுல பள்ளி மாணவர்களுக்கும் டிரைவருக்கும் தகராறு. சாதாரணமா ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுப் பேசி முடிச்சிருக்க வேண்டியது. அது ஊர் ஊரா பரவி, ஒருங்கிணைந்த நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் முழுக்க வெட்டுக்குத்து ஆச்சு. ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்துல போலீஸ் நுழைஞ்சு ஊரையே சூறையாடினது அந்தத் தொடர்ச்சியிலதான்.

அப்புறம் 1997. விருதுநகரைத் தலைமையிடமா வச்சு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரு வச்சாங்க. அந்தப் பேரு எழுதின பஸ்ஸுல ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. பஸ்ஸு அதேதான், சீட்டு அதேதான், டிக்கெட் விலையும் அதேதான். ஆனா பேரு தொண்டையில முள்ளு மாதிரி மாட்டிக்கிச்சு. மறுபடியும் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில அரசு என்ன செஞ்சதுன்னா, எல்லா போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்தும், எல்லா மாவட்டங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துருச்சு. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆச்சு. சிதம்பரனார் தூத்துக்குடி ஆச்சு. காமராசர் விருதுநகர் ஆச்சு. பசும்பொன் சிவகங்கை ஆச்சு.

என் வயசுக்காரங்க சின்னப் பிள்ளையில 'கட்டபொம்மன் பஸ்'னு சொல்லிப் பழகினவங்க. பேரு போனப்போ எங்களுக்கு ஏன்னு புரியல. இன்னிக்கு யாராவது பஸ்ஸு பேருக்காக வெட்டிக்கிறாங்களா? இல்ல. அடையாளத்தை எடுத்தா ஒண்ணும் மாறாதுன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. அந்தக் கலவரங்களுக்கு அப்புறம் நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் தலைமையில் ஒரு குழு போட்டாங்க. நம்ம திருப்புடைமருதூர்க்காரர், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனவர். தென் மாவட்டத்துல இளைஞர்களுக்கு வேலை இல்ல, தொழில் கொண்டு வாங்கன்னு அந்தக் குழு சொல்லுச்சு. அதையொட்டி இரண்டாயிரத்து சொச்சம் ஏக்கர்ல ஒரு தொழிற்பேட்டை அறிவிச்சாங்க. சிறப்புப் பொருளாதார மண்டலம்னு பெரிய பேரு.

எங்கன்னு நினைக்கிறீங்க? நாங்குநேரியில.

இத்தனை வருசம் ஆகியும் சொன்ன அளவுக்கு அங்க ஆலையும் வரல, வேலையும் வரல. அந்த வேலைக்குப் போயிருக்க வேண்டியவங்களோட பிள்ளைங்கதான் இப்போ பள்ளிக்கூடத்துல இருக்காங்க.

சரி, கயிறுக்கு வருவோம்.

2015 வாக்கிலேயே நெல்லையில பள்ளிப் பிள்ளைங்க சாதிக்கு ஒரு நிறத்துல கயிறு கட்டுறாங்கன்னு பத்திரிகையில வந்துருச்சு. 2019-ல் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் இதை நேர்ல பாத்துட்டு பள்ளிக் கல்வித் துறைக்கு எழுதினாங்க. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவின்னு நிறம் நிறமா கயிறு. விளையாட்டு டீம் எடுக்கிறதுல இருந்து மதிய இடைவேளையில யாரோட உக்காரணும்ங்கிறது வரைக்கும் இதுதான் தீர்மானிக்குதுன்னு சொன்னாங்க. அதை வச்சு பள்ளிக் கல்வி இயக்குநர் அந்த ஜூலை கடைசியில எல்லா மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டுபிடிங்க, தடுங்கன்னு.

என்ன ஆச்சு? சாமிக் கயிறைக் கழட்டச் சொல்றாங்கன்னு எதிர்ப்பு. ஆகஸ்ட்ல அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், தனக்குத் தெரியாம அந்தச் சுற்றறிக்கை போயிருக்கு, பழைய நிலைமையே தொடரும்னு சொல்லிட்டார். ரெண்டு வாரத்துல விசயம் முடிஞ்சது.

மூணு வருசத்துக்குள்ள பொதுக்குடி.

நான் டாக்டர், அரசியல்வாதி இல்ல. ஒரு நோயாளிக்கு அறிகுறி இருக்குன்னு ஜூனியர் எழுதி வச்ச சீட்டை, சீனியர் கிழிச்சுப் போட்டா அதுக்கு ஆஸ்பத்திரியில என்ன பேருன்னு மட்டும் எனக்குத் தெரியும்.

(இந்த இடத்துல மருத்துவம் ஒண்ணு சொல்லிடுறேன், பொதுவா எல்லாருக்கும். பிள்ளைங்க சண்டையில, விளையாட்டுல தலையில அடிபட்டா, அந்த நேரம் நல்லா பேசிக்கிட்டு நடந்துக்கிட்டு இருக்கான்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. மண்டை ஓட்டுக்கும் மூளையை மூடியிருக்கிற உறைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சா, முதல் சில மணி நேரம் பிள்ளை நல்லாவே இருக்கும். அப்புறம் திடீர்னு மயங்கும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்பினா எழுந்திருக்காத தூக்கம், பேச்சு குழறல், வலிப்பு, காதுல மூக்குல ரத்தமோ தண்ணியோ வர்றது, ஒரு கண்ணு பாப்பா மட்டும் பெருசாகிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு சி.டி. ஸ்கேன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும். 'வாத்தியார் திட்டுவார்'னு பிள்ளை அடிபட்டதையே மறைக்கும். அதையும் கேட்டு வாங்கணும்.)

இப்போ நாங்குநேரி. இதுல சாதியைச் சொல்லாம கதையைச் சொல்ல முடியாது.

வள்ளியூர்ல ஒரு பள்ளியில படிச்ச பிளஸ் டூ மாணவன். பட்டியலினத்தைச் சேர்ந்தவன். நல்லா படிக்கிறவன். அதே பள்ளியில, அதே ஊர்ல இருந்து வர்ற ஆதிக்க சாதிப் பிள்ளைங்க சிலர் அவனைத் தொடர்ந்து தொந்தரவு பண்ணியிருக்காங்க. எடுபிடி வேலை, மிரட்டல். அவன் என்ன செஞ்சான்? யார்கிட்டயும் சொல்லல. பள்ளிக்கூடம் போறதை நிறுத்திட்டான்.

பள்ளியில இருந்து ஏன் வரலன்னு கேட்டாங்க. அது நல்ல விசயம். அதுக்கப்புறம்தான் வீட்டுல விவரம் தெரிஞ்சுது, பள்ளியில புகார் போச்சு. புகார் போன அன்னிக்கு ராத்திரியே, 2023 ஆகஸ்ட் 9, வீட்டுக்குள்ள புகுந்து அரிவாளால வெட்டினாங்க. வெட்டினவங்களும் பள்ளி மாணவர்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. ரத்தத்தைப் பாத்த உறவுக்காரப் பெரியவர் ஒருத்தர் அங்கேயே விழுந்து இறந்துட்டார்.

அண்ணனும் தங்கச்சியும் பிழைச்சாங்க. அது சும்மா நடக்கல. நெல்லை அரசு மருத்துவமனையில எடுத்த முதல் மணி நேர சிகிச்சை, அப்புறம் சென்னை ஸ்டான்லியில இருந்து வந்த கை அறுவை சிகிச்சை டாக்டர்கள். ஸ்டான்லியோட கை சிகிச்சைத் துறை டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கினது, நாட்டுலயே பேர் பெற்றது. அரசு ஆஸ்பத்திரின்னா மூக்கைச் சுளிக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

வெட்டுக்காயம் பத்திக் கொஞ்சம் சொல்றேன். அரிவாள் ஓங்கினா மனுசன் தன்னையறியாம கையைத் தூக்குவான். முகத்தையும் கழுத்தையும் காப்பாத்த. அதனால வெட்டு முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்னு விழும். தடயவியல்ல இதுக்குத் தற்காப்புக் காயம்னு பேரு. உயிரு தப்பிக்கும், கை போகும். எலும்பை ஒட்டலாம், தசைநாரைத் தைக்கலாம், ரத்தக்குழாயை மைக்ராஸ்கோப் வச்சு இணைக்கலாம். நரம்புதான் அவசரப்படாது. தைச்ச இடத்துல இருந்து அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டுல அறுந்த நரம்பு விரல் நுனிக்கு வந்து சேர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் சூடு தெரியாது, சட்டைப் பித்தான் போட முடியாது, பேனா நழுவும். ஆறு மாசமும் பிசியோதெரபி பண்ணணும். பண்ணாட்டி விரல் மடங்கி அப்படியே நின்னுரும்.

அந்தப் பையன் அதுக்கு நடுவுல படிச்சு, அடுத்த மே மாசம் வந்த பிளஸ் டூ ரிசல்ட்ல 600-க்கு 469 எடுத்தான்.

2024-ல இதைப் படிச்சப்போ வார்டுல இருந்த நாங்க யாரும் கொஞ்ச நேரம் பேசல. எங்க சிஸ்டர் அக்கா மட்டும், "இவன் கையி நல்லாருந்தா இன்னும் எவ்வளவு எடுத்திருப்பான் சார்"னாங்க.

நாங்குநேரிக்கு அப்புறம் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில ஒருநபர் குழு போட்டுச்சு. 2024 ஜூன் 18-ல் அறிக்கை குடுத்தார். 610 பக்கம். அரசுப் பள்ளிப் பேர்கள்ல இருக்கிற சாதிப் பின்னொட்டை எடுக்கணும் (கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் மாதிரி). கயிறு, மோதிரம், நெத்தியில அடையாளம் வேண்டாம். வருகைப் பதிவேட்டுல சாதி தெரியக் கூடாது. எந்தப் பகுதியில எந்த சாதி அதிகமோ, அந்த சாதி அதிகாரிகளையே அங்க தலைமைப் பொறுப்புல போடக் கூடாது. பெரிய பள்ளிகள்ல மாணவர் நல அலுவலர் வேணும். இப்படி நிறைய.

டிவி விவாதம் முழுக்க கயிறும் நெத்தியும்தான். சென்னை மாநகராட்சிக் கூட்டத்துலயே அறிக்கை நகலைக் கிழிச்சுப் போட்டாங்க. 610 பக்கத்துல ரெண்டு வரியைப் பத்தித்தான் சண்டை. என் பார்வையில அதுல ரொம்ப முக்கியமானது மாணவர் நல அலுவலர்தான். அதைப் பத்தி ஒரு சேனல்கூட அரை மணி நேரம் பேசின மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

ஏன் அது முக்கியம்னு சொல்றேன். நாங்குநேரியில பையன் ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னாடியே ஒரு அறிகுறி வந்துருச்சு. அவன் பள்ளிக்கு வரல. நல்லா படிக்கிற பிள்ளை காரணம் இல்லாம நாலு நாள் வராம இருக்கிறதுங்கிறது காய்ச்சல் 104 மாதிரி. புகார் வாங்கிக்கிட்ட அந்த நேரத்துல, புகார் குடுத்த பிள்ளைக்கு இன்னிக்கு ராத்திரி என்ன பாதுகாப்புன்னு யோசிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் பள்ளியில இருக்கணும். கணக்கு வாத்தியார் கணக்கும் சொல்லிக் குடுத்து, பரீட்சை பேப்பரும் திருத்தி, இதையும் பாக்கணும்னா நடக்காது. நான் ஒரு ஆளே ராத்திரி டூட்டியில பிரசவமும் பாத்து, பாம்புக்கடியும் பாத்து, விபத்தும் பாக்கிற கதைதான்.

ஸ்காட்லாந்துல டன்பிளேன்னு ஒரு சின்ன ஊர். 1996 மார்ச் 13. துப்பாக்கியோட ஒருத்தன் தொடக்கப் பள்ளி ஜிம்முக்குள்ள நுழைஞ்சு 16 பிள்ளைகளையும் அவங்க டீச்சரையும் சுட்டுக் கொன்னான். அஞ்சு, ஆறு வயசுப் பிள்ளைங்க. அவன் வச்சிருந்த துப்பாக்கிகள் எல்லாம் முறையா லைசென்ஸ் வாங்கினது. நீதிபதி கல்லன் விசாரணை நடத்தி அந்த அக்டோபர்லயே அறிக்கை வந்துருச்சு. ஊர்த் தாய்மார்களும் நண்பர்களும் ஆரம்பிச்ச கையெழுத்து இயக்கத்துல ஏழு லட்சம் பேர் சேர்ந்தாங்க. 1997 முடியிறதுக்குள்ள கைத்துப்பாக்கி தனியார் கையில இருக்கிறதையே கிட்டத்தட்ட முழுசா தடை பண்ணிட்டாங்க. இதுல ஒரு விசயம், பாதிச் சட்டத்தைக் கன்சர்வேட்டிவ் அரசு கொண்டு வந்துச்சு, மீதியை அடுத்து வந்த லேபர் அரசு முடிச்சுது. ஆட்சி மாறினதும் பழைய கோப்பைத் தூக்கிப் பரணையில போடல.

நமக்கு அதை அப்படியே பண்ண முடியாது. துப்பாக்கியைத் திரும்ப வாங்கலாம். அரிவாள் வாழைத்தார் வெட்டுறதுக்கும் தேங்காய் சீவுறதுக்கும் ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு. அதனால நம்ம வேலை இன்னும் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம்னா, 2025 மார்ச்ல பாருங்க. ஸ்ரீவைகுண்டம் பக்கம் அரியநாயகபுரத்துல இருந்து பரீட்சை எழுத பாளையங்கோட்டைக்கு பஸ்ஸுல போன பிளஸ் ஒன் மாணவனை, பஸ்ஸை மறிச்சு இறக்கி வெட்டினாங்க. இடது கை விரல்கள் துண்டாச்சு. கபடியில ஜெயிச்ச கோபம்னு சொன்னாங்க. அவனும் பட்டியலினத்துப் பையன். பிடிபட்டவங்க சிறுவர்கள். நெல்லை அரசு ஆஸ்பத்திரியில மணிக்கணக்கா ஆபரேஷன் பண்ணி விரலை ஒட்டினாங்க. அடுத்த மாசமே பாளையங்கோட்டையில ஒரு தனியார் பள்ளி வகுப்பறையில எட்டாம் வகுப்புப் பையன் பையில இருந்து அரிவாள் எடுத்து சகமாணவனை வெட்டினான், தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு. அதுல சாதி இல்ல, பென்சில் தகராறுன்னு போலீஸ் சொல்லுச்சு. எட்டாம் வகுப்பு!

(துண்டான விரலைக் கொண்டு வர்ற முறை: தண்ணியில அலசி, சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு பாத்திரத்துல வைங்க. நேரடியா ஐஸ் மேல வைக்காதீங்க, செல்லு செத்துரும். குளிர்ச்சியா வந்தா விரலுக்கு அதிக நேரம் இருக்கு. மணிக்கட்டுக்கு மேல துண்டாச்சுன்னா ஆறு மணி நேரத்துக்குள்ள வந்தாகணும். காயத்துல மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. சுத்தத் துணியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தா போதும்.)

வெட்டினவங்களைப் பத்தியும் சொல்லியாகணும். திட்டுவீங்க, பரவாயில்ல. கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைங்களைச் செக்கப்புக்குக் கூட்டிட்டு வருவாங்க. போலீஸ் அண்ணன் கூட நிப்பார். நெஞ்சுல ஸ்டெத் வச்சா படபடன்னு அடிக்கும். மீசைகூட முளைச்சிருக்காது. ஒருத்தன் என்கிட்ட, "சார், டென்த் மார்க் சீட்டு என்ட்ட குடுப்பாங்களா?"ன்னு கேட்டான். அவன் செஞ்ச குற்றம் சின்னதுன்னு நான் சொல்லல. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனா பதினாறு வயசுல அவன் கையில கயிறு கட்டினது யாரு, ஸ்டேட்டஸ் வைக்க வீடியோ எடிட் பண்ணிக் குடுத்தது யாரு, கோயில் கொடையில ஃபிளெக்ஸ்ல அவன் போட்டோவைப் போட்டு 'சிங்கம்'னு எழுதினது யாரு? அவங்க யாரையும் செக்கப்புக்குக் கூட்டிட்டு வரல. அவங்க பிள்ளைங்க பெரும்பாலும் சிபிஎஸ்இ-ல படிக்குது.

இந்தப் பக்கம் வீடுகள்ல நிறைய அம்மாக்கள் பீடி சுத்தித்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறாங்க. முக்கூடல்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மடியில முறத்தை வச்சுக்கிட்டே ஓ.பி.டி.யில வந்து உக்காருவாங்க. கழுத்து வலி, இருமல். ரெண்டு தெருவுலயும் அதே முறம், அதே இருமல். மாத்திரைச் சீட்டுல சாதி எழுத இடம் இல்ல.

வீட்டுல பத்துல இருந்து பன்னெண்டு வரை படிக்கிற பிள்ளை இருந்தா இதை மட்டும் பாருங்க. திடீர்னு பள்ளிக்குப் போக மாட்டேன்னு சொல்றான், திங்கக்கிழமை காலையில மட்டும் வயித்து வலி வருது, பஸ் மாத்திப் போறான், காசு அடிக்கடி தொலையுது, சட்டை பித்தான் அந்து வருது, கேட்டா கீழே விழுந்துட்டேங்கிறான். அடிக்காம, திட்டாம, ராத்திரி சாப்பிடும்போது கேளுங்க. பள்ளியில புகார் குடுத்தா எழுத்துல குடுங்க, நகல் வச்சுக்கோங்க, அன்னிக்கே போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புகார் குடுத்த அன்னைக்கு ராத்திரி பிள்ளையை வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுல படுக்க வச்சாலும் தப்பில்ல.

குழந்தைகள் உதவி எண் 1098, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. ரெண்டையும் பிள்ளையோட ரஃப் நோட்டுல கடைசிப் பக்கம் எழுதி வைங்க.